நான்கு விநாடி முன்பே

ஜூன் 12, 2023, திங்கள்

ரத்த அழுத்தம் 148/92. காலையில் எழுந்ததும் அளந்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெறும் எண்களை எழுதிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்திலேயே அன்று நடந்ததையும் எழுதினால்தான் எண்ணுக்கு ஓர் அர்த்தம் வரும். முப்பது வருடமாக மாணவர்களுக்கு நான் சொல்லிவருவது அதுதான். ஆகவே இந்த டைரி.

மனிதர்கள் கணினியில் வேலை செய்யும்போது அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அளப்பது என் துறை. இதயம் எப்படித் துடிக்கிறது, விரல் எப்போது வேர்க்கிறது, கண்மணி எப்போது விரிகிறது. கோவையில் இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வகம் தொடங்கியபோது சக பேராசிரியர்கள் அதற்கு ‘வேர்வைக் கடை’ என்று பெயர் வைத்தார்கள். டீ குடிக்கும் இடத்தில் என் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். 2009இல் என் கட்டுரை வந்தது. ஒரு மனிதன் தவறு செய்வதற்கு நான்கு விநாடி முன்பே அவன் விரல் நுனி வேர்த்துவிடுகிறது என்பதுதான் அதன் சாரம். மனசுக்குத் தெரியாதது உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதன்பின் ‘வேர்வைக் கடை’ என்ற சொல் என் காதில் விழவில்லை. இப்போது ஒரு கம்பெனி அந்தக் கண்டுபிடிப்பை வைத்து ஓட்டுநர்களுக்கான கைப்பட்டை செய்கிறது. ஓட்டுநர் தவறு செய்ய நான்கு விநாடி இருக்கும்போது பட்டை அதிரும். ஜனவரியில் இருநூறு ஆம்னி பஸ்களில் வரப்போகிறது.

இங்கே தொடங்கவிருக்கும் தேசிய மையத்துக்கு இயக்குநரைத் தேடுகிறார்கள். மூன்று பெயர்கள். என் பெயர்தான் முதலில் என்று துணைவேந்தர் ஜாடையாகச் சொன்னார். அக்டோபரில் முடிவாகும்.

ரெக்சலின் ஊரிலிருந்து திரும்பிவிட்டாள். வழக்கம்போல மக்ரூன் டப்பா. என்னிடம் மூன்றாம் வருடமாக ஆராய்ச்சி செய்பவள், தூத்துக்குடிப் பெண். அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் இருக்கிறார், அம்மா இறால் கம்பெனியில். இதுவரை என்னிடம் வந்த பதினொரு பேரில் இவள் கைதான் சுத்தமான கை. இவள் ஒட்டிய எலக்ட்ரோடு நடுவில் கழன்றதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் என் கணவருக்கும் இவள் வந்தால் உற்சாகம்.

ஜூன் 15, வியாழன்

144/90. ஐந்து நாள் கழித்து இன்றுதான் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை.

ஜூன் 23, வெள்ளி

மூன்று மணிக்கு ரெக்சலின் என் அறைக்கு வந்தாள். உள்ளே வந்து கதவையும் சாத்தினாள். அப்படி அவள் செய்பவள் அல்ல.

எங்கள் சோதனையில் இரண்டு கருவிகள் உண்டு. சோதனைக்கு வந்தவர் ஒரு கணினியில் வேலை செய்வார். அவர் எந்த நொடியில் தவறினார் என்பதை அந்தக் கணினி குறித்துக்கொள்ளும். இன்னொரு கருவி அவருடைய விரல் வேர்வையைப் பதிவு செய்யும். இரண்டின் நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் எது முன், எது பின் என்று சொல்கிறோம். தவறைக் குறிக்கும் நிரலை 2009இல் நானே எழுதினேன். இன்றுவரை எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டில் இதே முடிவைக் கண்டவர்களும் என்னிடம் வாங்கிப் பயன்படுத்தியது அந்த நிரலைத்தான். ரெக்சலின் தன் ஆய்வுக்காக அதை வரி வரியாகப் படித்திருக்கிறாள்.

தவறு நடந்த நேரத்தை நிரல் எழுதவில்லையாம். தவறு ஆறு விநாடி வரிசையில் காத்திருந்து, பிறகு கோப்பில் ஏறும்போது உள்ள நேரத்தை எழுதுகிறதாம்.

“நீ என்ன சொல்ல வர்றே?” என்றேன்.

“தப்பு நடந்து ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் வேர்க்குது மேடம். எல்லாருக்கும் வேர்க்கிற மாதிரிதான். நம்ம புரோகிராம் தப்ப ஆறு செகண்ட் லேட்டா எழுதுது. அதனால வேர்வை நாலு செகண்ட் முந்தி வந்த மாதிரி தெரியுது.”

ஒரே பொத்தானை இரண்டு கருவிக்கும் இணைத்து அழுத்திப் பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை என்றாள். தனியாகச் செய்து பார்ப்பது முறையில்லை, நானும் கூட இருக்க வேண்டும் என்று காத்திருக்கிறாளாம். வேறு யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன்.

“யார்ட்டயும் சொல்லல மேடம். ஒங்ககிட்டதான் மொதல்ல.”

முறையான நடத்தை. பாராட்டினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அவள் குறிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

158/96. ரெக்சலின் மதியம் சாப்பிட வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் தட்டுகளைக் கழுவிவைத்தாள். நாளைக்குச் செய்து பார்த்துவிடலாமா மேடம் என்று கேட்டாள். பதிவுக் கருவி சர்வீஸுக்குப் போகிறது என்றேன். என் கணவரோடு உட்கார்ந்து கேரம் ஆடினாள். அவர் தோற்றார்.

ஜூலை 3, திங்கள்

பதிவுக் கருவியை ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னேன். கிட்டுசாமி என்னைப் பார்த்தார். ஆய்வகத்தின் டெக்னீஷியன், முதல் நாளிலிருந்து கூட இருப்பவர். “நல்லாத்தானுங்கம்மா ஓடீட்டு இருக்குது” என்றார். இருக்கட்டும், வையுங்கள் என்றேன். எடுத்துப் போனார்.

பத்து நிமிடச் சோதனைக்கு நான் ஏன் அவசரப்படவில்லை என்பதை இங்கே எழுதிவைப்பது நல்லது. அறிவியலில் அவசரம் கூடாது. பதினான்கு வருடம் நின்ற ஒரு முடிவை மூன்றாம் வருட மாணவி ஒருத்தி ஒரு மதியத்தில் புரட்டிவிட முடியும் என்றால் மற்றவர்கள் அத்தனை பேரும் முட்டாள்களா? இருபத்தேழு வயது. இந்த வயதில் எல்லோருக்கும் தாங்கள் எதையோ கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றும். அது அடங்கக் கொஞ்சம் நாள் கொடுக்க வேண்டும். அவளை முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன். நூற்று நாற்பது கட்டுரைகள் படிக்க வேண்டியிருக்கும்.

ஜூலை 14, வெள்ளி

நூற்று நாற்பதையும் படித்துவிட்டாள். அத்தியாயத்தை என் மேஜையில் வைத்தாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்துவிட்டு நின்றாள்.

கருவி எப்போது வரும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். கம்பெனிக்காவது ஒரு வரி எழுதலாமா என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. இவள் எப்போதும் குரலை உயர்த்தியதில்லை.

“பஸ் ஓட்டுறவங்க மேடம். அந்தப் பட்டைய நம்பித்தான் ஓட்டுவாங்க. அது முட்டினதுக்கு அப்புறம் அதிர்ந்தா என்ன செய்ய?”

அவள் தோளில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அவள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்பதுபோல் என்னைப் பார்த்தாள். கம்பெனிக்கு மாணவர்கள் நேரடியாக எழுதக் கூடாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று விளக்கினேன். தலையாட்டினாள்.

152/94.

ஜூலை 15, சனி

ரெக்சலின் விதியை மீறவில்லை, கம்பெனிக்கு எழுதவில்லை. எனக்கே நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதியிருக்கிறாள். எட்டுப் பத்தி, நான்கு படம். கடைசியில் ‘நான் தவறாக இருந்தால் என்னைவிட யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள் மேடம்’ என்று ஒரு வரி. பதில் போடவில்லை. எழுதினால் எழுத்தாக நின்றுவிடும்.

ஜூலை 28, வெள்ளி

மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வேண்டும்.

கைப்பட்டையின் முதல் மாதிரியைச் சோதிக்க ஆய்வகத்திலேயே சிலர் ஆறு மாதமாக அதைக் கட்டியிருக்கிறார்கள். தூக்கம், இதயத் துடிப்பு, வேர்வை எல்லாம் தானாகவே எங்கள் கணினிக்கு வந்துகொண்டிருக்கும். கோப்பில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் அலமாரியில். ஏழாம் எண் ரெக்சலின்.

இன்று ஏழாம் எண்ணைத் திறந்து பார்த்தேன். மே மாதம் வரை ஆறரை மணி நேரத் தூக்கம். ஜூன் கடைசி வாரத்திலிருந்து விழுகிறது. இப்போது சராசரி மூன்று மணி நாற்பது நிமிடம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு தொண்ணூற்றாறு. இடையிடையே செங்குத்தாக ஏறும் இடங்களின் தேதியைப் பார்த்தேன். ஜூன் 23. ஜூன் 25. ஜூலை 14.

பாவமாக இருந்தது. எனக்கொரு மகள் இருந்து அவளுக்கு இப்படி ஒரு வரைபடம் வந்தால் நான் சும்மா இருப்பேனா? மனம் நோகும் மாணவர்களை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று பல்கலைக்கழகங்களை எல்லோரும் குறை சொல்கிறார்கள். நான் கவனிக்கிறேன்.

ஆகஸ்ட் 9, புதன்

ரெக்சலினின் ஆய்வுக்குழு கூடியது. டீன், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், எங்கள் துறையில் இருவர், நான். ஆண்டு முன்னேற்ற அறிக்கை என்றுதான் அவளை வரச் சொல்லியிருந்தோம். அவளும் பொத்தான் சோதனை பற்றிப் படங்களெல்லாம் தயாரித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்திருந்தாள்.

முதலில் நான் பேசினேன். கல்வி சம்பந்தமாக எந்தக் குறையும் இல்லை, கவலை அவளுடைய உடல்நலம் பற்றித்தான் என்று சொல்லி வரைபடத்தைத் திரையில் போட்டேன். சோதனைக்கு வந்தவர்களின் பெயரை வெளியிடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் சம்பந்தப்பட்டவரின் நலனுக்கு ஆபத்து என்றால் வெளியிடலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. நேற்று அந்தப் பத்தியை மூன்று முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு தன் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

“அது என்னுது” என்றாள். “இது நான் ஒங்க ஆராய்ச்சிக்குக் குடுத்தது மேடம்.”

வெளியிலிருந்து வந்தவர் கூர்மையானவர். ஜூன் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டார். அதுதான் எங்களுக்கும் புரியவில்லை என்றேன்.

அவள் எழுந்து தன் படங்களைக் காட்டப் பார்த்தாள். ஆறு விநாடி, வரிசை, கோப்பு என்று ஆரம்பித்தாள். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அத்தனை பேரும் கனிவாக இருந்தார்கள். டீன், “தண்ணி குடிம்மா, அப்புறம் பேசலாம்” என்று தம் பாட்டிலை நகர்த்திக் கொடுத்தார். அவள் குடித்தாள். குடித்து முடித்தபோது நாங்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தோம்.

முடிவு: ஒரு வருட மருத்துவ விடுப்பு. மனநல மருத்துவரின் சான்று கொண்டுவந்தால் திரும்பச் சேரலாம். கணினியின் கடிகாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

132/84. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

விடுதி அறையைக் காலி செய்து மகளை அழைத்துப்போக அவள் அம்மா வந்திருந்தார். பிலோமினா என்று பெயர். தோணி மாலத்தீவில் நிற்பதால் அப்பாவால் வர முடியவில்லையாம். இறால் உரித்து உரித்து அந்தம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த விரல்களில் எலக்ட்ரோடு ஒட்டினால் எதுவும் பதிவாகாது என்று தோன்றியது. இப்படித் தோன்றுவது தொழில் பழக்கம்.

உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ரெக்சலின் வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தாள். மகளுக்கு என்ன மேடம் என்று கேட்டார். வரைபடத்தைக் காட்டினேன். ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் கோடு இறங்குவது யாருக்கும் தெரியும். இது உங்கள் மகளின் தூக்கம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார்.

“வீட்டுக்கு வந்தப்பவும் எதையோ எழுதிட்டே இருந்தா மேடம். கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டேங்கா.”

“அவளுக்கு ஒரு நினைப்பு புடிச்சிருக்கும்மா. இங்க இருக்கற கடிகாரமெல்லாம் தப்புன்னு.”

“கடிகாரமா மேடம்?”

அந்தம்மா என் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து தன் செல்போனை எடுத்து அதையும் பார்த்தார். “சரியாத்தான மேடம் ஓடுது” என்றார், கண் கலங்க.

ஆமாம் என்றேன்.

திருநெல்வேலியில் நல்ல மனநல மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுதி உறையிலிட்டுத் தந்தேன். ‘ஆய்வகக் கருவிகளின் நேரம் தவறானது என்ற மாறாத நம்பிக்கை. ஆதாரம் காட்டியும் மாறவில்லை. அதனால் பிறருக்கு ஆபத்து நேரும் என்ற அச்சம். தூக்கமின்மை. இணைப்பு: ஆறு மாதப் பதிவுகள்.’ மருத்துவர்களுக்கு இப்படிச் சுருக்கமாக எழுதினால்தான் பிடிக்கும்.

அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேறு யாராவது என்றால் பிள்ளையை இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசையில் எனக்காகவும் வேண்டிக்கொள்வாராம்.

வராந்தாவுக்கு வழியனுப்ப வந்தேன். அம்மா பெட்டியை எடுக்கப் போனபோது ரெக்சலின் எழுந்து நின்றாள். நான் அருகில் போனேன்.

“எங்கம்மாகிட்ட ஏன் மேடம் சொன்னீங்க?” என்றாள். “அவங்க நம்பிருவாங்க.”

ஆகஸ்ட் 24, வியாழன்

ஏழாம் எண்ணின் பதிவு நின்றுவிட்டது. பட்டையைக் கிட்டுசாமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ரசீதில் கையெழுத்துக்கூடப் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வெண்டைக்காய் வறுவல், மோர்க்குழம்பு. சாப்பிடும்போது, அந்தப் புள்ள இப்பல்லாம் வர்றதில்லையே என்றார் என் கணவர். உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். என்ன உடம்புக்கு என்று கேட்டார். மனசு என்றேன். கொஞ்ச நேரம் சாப்பிட்டார்.

“என்னைய எட்டு ஆட்டம் ஜெயிச்சவளுக்கா?” என்றார்.

மனநோய்க்கும் கேரம் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். வங்கியில் இருந்தவர், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கை கழுவப் போனவர் வெகு நேரம் குழாயடியிலேயே நின்றார். தண்ணீர் வீணாகிறது என்று குரல் கொடுத்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

நான்தான் இயக்குநர். பதினொன்றரைக்கு ஆணை வந்தது.

அக்டோபர் 23, திங்கள்

ஆய்வகத்தில் ஆயுத பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று. எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் கிட்டுசாமி. ஸ்டோர் ரூமிலிருந்து பழைய பதிவுக் கருவியையும் தூக்கிவந்து துடைத்துப் பொட்டு வைத்திருந்தார். பூஜைக்கு எதையும் ஒதுக்கக் கூடாதாம்.

எல்லோரும் போன பிறகு பொரிப் பொட்டலத்தோடு என் அறைக்கு வந்தார்.

“அந்தப் புள்ள சொன்னதுல தப்பில்லைங்கம்மா. அப்பவே எனக்கொரு சந்தேகமுங்க. இந்தப் பக்கம் ஆளு தப்புப் பண்ணி ‘ச்சே’ன்னு தலையில அடிச்சுக்குவாங்க. ஸ்கிரீன்ல கொஞ்ச நேரம் கழிச்சுத்தானுங்க தப்புன்னு எழுத்து வரும். மெஷினு அப்படித்தானாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க.”

பதினான்கு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“படிச்சவீங்க நீங்க இருக்கறப்ப நான் என்னத்தைங்க சொல்றது?”

உண்மைதான். இன்னும் ஐந்து மாதத்தில் அவர் ஓய்வு பெறுகிறார். இந்த வயதில் கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம். விடுதிப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றக் கேட்டு எழுதினேன். மின்விசிறி, ட்யூப்லைட் பார்க்கும் வேலை. அவருக்கு அது லேசாக இருக்கும்.

நவம்பர் 5, ஞாயிறு

ஆய்வகம் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்று பார்க்கக் காலையில் தனியாகப் போயிருந்தேன். பதிவுக் கருவி பூஜைப் பொட்டோடு மேஜையிலேயே இருந்தது.

ஒரு பழைய பொத்தானைத் தேடியெடுத்து இரண்டு வயர் இழுத்தேன். ஒன்று கணினிக்கு, ஒன்று பதிவுக் கருவிக்கு. கிட்டுசாமி இல்லாமல் நானே வயர் சீவிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். கை மறக்கவில்லை. அழுத்தினேன். இரண்டு நேரங்களையும் எழுதினேன். மறுபடி அழுத்தினேன். பத்து முறை.

ஆறு. ஆறு. ஆறு. பத்து முறையும் ஆறு விநாடி.

பத்து நிமிடம் என்று அவள் சொன்னது தவறு. ஏழு நிமிடம்தான் ஆயிற்று.

ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே மைதானத்தில் என்.சி.சி. மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவன் மட்டும் திரும்பத் திரும்பத் தப்பான காலை எடுத்துவைத்தான்.

நிரலைத் திருத்துவது ஒரு வரி வேலை. ஆனால் திருத்தினால் இனிமேல் வரும் பதிவுகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். உலகம் முழுக்க முப்பது ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. அத்தனை பேரையும் குழப்புவது பொறுப்பான செயல் அல்ல. கம்பெனிக்கு ஒரு வரி எழுதலாமா என்றும் யோசித்தேன். ஓட்டுநர்கள் அனுபவசாலிகள். பட்டை இல்லாமலும் இத்தனை வருடம் ஓட்டியவர்கள்தானே.

வயர்களைச் சுருட்டி வைத்தேன். எண்கள் எழுதிய தாளைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பதிவுக் கருவியைக் கழிவுப் பட்டியலில் சேர்த்தேன். வரும் வழியில் தைலம் வாங்கினேன்.

நவம்பர் 14, செவ்வாய்

புதிய அறைக்கு வெளிர்பச்சைத் திரைச்சீலை என்று முடிவாயிற்று.

டிசம்பர் 8, வெள்ளி

பதினொரு மணிக்கு, புதிய அறையில் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தபோது பிலோமினா அம்மாவின் அழைப்பு வந்தது. ஆள்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னேன்.

நலம் விசாரித்தார். மூட்டு வலி எப்படியிருக்கிறது என்றுகூடக் கேட்டார், ரெக்சலின் சொல்லியிருப்பாள். மகள் இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். பகலிலும் தூங்குகிறாளாம். பேச்சு குறைந்துவிட்டது, பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, உடம்பு கனத்துவிட்டது. நேற்று மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டிருக்கிறார்.

“டாக்டர் ஒன்னு சொன்னாரு மேடம். இவ மத்த எல்லாத்துலயும் தெளிவாத்தான் இருக்காளாம். அந்தக் கடிகார விஷயம் மட்டும் நெசமா இருந்தா இது நோயே இல்லயாம். மாத்திரய நிப்பாட்டிருவாராம். நெசமில்லன்னா இன்னும் கூட்டணுமாம். எனக்கு அந்தப் படிப்பு தெரியாது, ஒங்க மேடத்துகிட்டயே கேட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு.”

மூச்சு வாங்கியது. படி ஏறிவந்து பேசுபவர்போல.

“அவ சொல்லுறது நெசமா மேடம்? கொஞ்சமாச்சும் நெசம் இருக்கா?”

கதவுக்கு வெளியே ஆள்கள் சுத்தியலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“இல்லம்மா” என்றேன். “நானே மெஷின வெச்சு சோதிச்சுப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு.”

போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, அவளும் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றார் அந்தம்மா. எனக்கு அது தெரியாது. முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

“எப்படிச் சோதிச்சீங்க மேடம்?”

ரெக்சலின்தான். வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு, நாக்கு தடித்தவள்போல் கேட்டாள்.

“நீ சொன்ன மாதிரியேதாம்மா. ஒரே பொத்தான், ரெண்டு மெஷின்.”

“எத்தன தடவ?”

“பத்துத் தடவ.”

போனில் பின்னால் ஏதோ ஒரு மீன் வண்டி கூவிக்கொண்டு போனது. அம்மா மெல்ல ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

“பத்துத் தடவைன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் ரெக்சலின். “அப்ப நான்தான் தப்பா பாத்திருக்கேன். மன்னிச்சிருங்க மேடம்.”

பரவாயில்லை, இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு என்றேன். சரி மேடம் என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், வைக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சரி மேடம் என்றாள். நான் வைக்கும்வரை அவள் வைக்கவில்லை. அப்பேர்ப்பட்ட மரியாதை தெரிந்த பெண்.